மதுரையில் இருந்த சபராளி

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவனைச் சபராளி என்பார்கள். சபர் என்றால் பயணம். வீட்டுக்கு ஒருவனாவது சபரில் இருப்பான். அப்படி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் பாதி ஆயுளைச் சபரில் கழித்தவன்தான். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கிடங்கில் உட்கார்ந்து ஆணியும் சிமெண்டும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஊருக்குத் திரும்பி, வேலை வெட்டி இல்லாமல் என் மனைவியின் சமையலில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அவளும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள், "வெளிய எங்கனயாச்சும் போயி நாலு பேருக்கு ஒதவியா இருந்துட்டு சாயங்காலம் வாங்க" என்று செருப்பை எடுத்து முன்னால் போட்டாள். அப்படித்தான் அந்த உதவி மையத்தில் போய்ச் சேர்ந்தேன்.

மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஐஸ் கம்பெனிக்கு மாடியில் ஓர் அறை, இரண்டு மேஜை, சத்தம் மட்டும் போடுகிற ஒரு காற்றாடி. ஜெயிலிலிருந்து விடுதலையாகி இந்தக் கடற்கரைப் பக்கம் திரும்பி வருகிறவர்களுக்குக் கைகொடுப்பது வேலை. ஜமாஅத்தில் சிலர், பக்கத்துக் கிராமங்களில் சிலர் என்று ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துவது. இதற்கெல்லாம் தலை, முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வக்கீலம்மா. கோர்ட் முடிந்ததும் ராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். அவர் பேச்சில் கறார் இருக்கும். எனக்கு வாய் நீளம். இரண்டு பேரும் நாளுக்கு ஒரு சண்டையாவது போடாமல் அறையைப் பூட்டியதில்லை.

திரும்பி வருகிறவனுக்கு முதலில் வேலைதான் வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். அதெல்லாம் அப்புறம். ஆதார் அட்டையில் இருக்கிற முகத்தை அவனுக்கே அடையாளம் தெரியாது. ரேஷன் கார்டில் பெயரை எடுத்திருப்பார்கள். டீக்கடையில் எல்லோரும் காசு கொடுக்காமல் ஃபோனை நீட்டிவிட்டுப் போவதைப் பார்த்து மலைத்து நிற்பான். எங்கள் அறைக்கு வருகிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். கதவு அகலமாகத் திறந்துதான் கிடக்கும். உள்ளே வா என்று யாராவது சொல்லும்வரை கால் நகராது. "கதவு என்ன கடிக்கவா போகுது, வாங்கய்யா" என்று ஆரம்பத்தில் நான் சத்தம் போடுவேன். வக்கீலம்மா ஒரு முறை முறைத்த பிறகு, எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் கணவர் சீக்கிரம் மதுரைச் சிறையிலிருந்து விடுதலையாகப் போகிறார். மீன் ஏலம் போடும் இடத்தில் நடந்த கைகலப்பில், அவர் பிடித்துத் தள்ளியதில் ஓர் ஆள் விழுந்து இறந்துபோனார். அதைப் பற்றி நான் மேலே எழுதப்போவதில்லை. இறந்தவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. தண்டனை முடிந்து வருகிறவரைப் பற்றி மட்டும்தான் எனக்குப் பேச உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

நான் வழக்கம்போல வேலை விஷயத்தை ஆரம்பித்தேன். வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டை தைக்க ஆள் கேட்டிருந்தார்கள். இவரைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தோம். அவள் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"வேலையெல்லாம் அல்லாஹ் கொடுப்பான் காக்கா. இப்ப எனக்கு ஒரு பெட்டி வேணும்."

"என்ன பெட்டி?"

"துபாய்ப் பெட்டி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். கணவர் ஜெயிலுக்குப் போனபோது மகள் அப்போதுதான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். இவள் கைக்குழந்தையோடு கணவரின் ஊரை விட்டு, எங்கள் ஊரில் பாத்திரக் கடை வைத்திருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாப்பா எங்கே என்று பிள்ளை கேட்கத் தொடங்கிய வயதில், சபரில் இருக்கிறார் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இந்த ஊரில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு வாப்பா என்பது ஒரு குரல்தான். சிறையிலிருந்து வீட்டாரோடு ஃபோனில் பேச விடுவார்கள். அந்தக் குரலோடு பேசித்தான் இந்தப் பிள்ளையும் வளர்ந்தது. வீடியோவில் ஏன் வருவதில்லை என்று கேட்டால், கம்பெனியில் அதற்கு அனுமதி கிடையாது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். பரோலில் வந்தால் கூடவே போலீஸ் வரும், குட்டு உடைந்துவிடும் என்று அவர் இந்த ஊர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. இவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய் மனுப் போட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைப் பார்த்துவிட்டு வருவாள்.

இப்போது பிள்ளை நாலாம் வகுப்பு. வாப்பா வருகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறது. சபராளி வந்தால் பெட்டி வரும். பெட்டியை உறவும் தெருவும் கூடியிருக்கும்போதுதான் திறப்பார்கள். வந்தவர் தன் கையாலேயே ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பார்: வீட்டுக்குப் பெரியவருக்கு முதலில், பிறகு உறவுக்கு, அண்டை அயலுக்கு, கடைசியில் பெண்டாட்டி பிள்ளைக்கு. ஒரு சோப்பு, ஒரு தைலப் புட்டி, ஒரு மிட்டாய்ப் பொட்டலமாவது கைக்கு வராமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள். நானே எத்தனையோ தடவை அப்படி உட்கார்ந்து கொடுத்திருக்கிறேன். கொடுத்து முடிக்கும்போது இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வருஷக்கணக்காக வெயிலில் கிடந்தோம் என்று தோன்றும்.

"பெட்டி இல்லாட்டி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"எங்க காக்கா கண்டிசனாச் சொல்லிட்டாக. வந்தா சபராளியா இந்த வீட்டுக்கு வரட்டும். இல்லாட்டி வேற ஊர்ல எங்கனயாச்சும் பொழச்சுக்கிரட்டும், புள்ளைக்கு எதுவும் தெரிய வேணாம்னு." அவள் கண் கலங்கியது. "அவுகளக் குத்தம் சொல்ல முடியாது. என் புள்ளையத் தன் புள்ளையா வளத்தவுக. ஜெயிலுக்குப் போனவன் மகள்னு தன் மருமகள ஒருத்தன் சொல்லிரக் கூடாதுன்னு அவுகளுக்குப் பயம்."

அவள் போன பிறகு எனக்கும் வக்கீலம்மாவுக்கும் வாய்த் தகராறு. "பாய், அவுகளுக்கு வேலை வாங்கிக் கொடுப்போம், கார்டு வாங்கிக் கொடுப்போம். பொய் வாங்கிக் கொடுக்கறது நம்ம வேலை இல்ல" என்றார். "ஒரு மனுசன் பெண்டாட்டி பிள்ளையோட ஒரே கூரைக்குக் கீழ படுக்கறதுக்கு ஒரு அட்டைப் பெட்டிதான் வழின்னா, அதத் தூக்கிட்டுப் போறதுல என்ன வந்துச்சு?" என்றேன் நான். "புள்ளைக்கு ஒருநாள் தெரியத்தான் போகுது. அன்னைக்கு நீங்களா பதில் சொல்லுவீக?" என்று கேட்டார். அன்றைக்கு அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபத்தில் டீ குடிக்காமலேயே பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

பரணில் கிடந்த என் பழைய அட்டைப் பெட்டியை இறக்கினேன். மனைவி அதில் பழைய பாத்திரங்களைப் போட்டு வைத்திருந்தாள். திட்டிக்கொண்டே காலி செய்து கொடுத்தாள். பஜாரில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் புலி படம் போட்ட போர்வை, கோடாலித் தைலம், பால் பவுடர், வாசனை சோப்பு, சாக்லேட் என்று வாங்கி நிரப்பினேன். பிள்ளைக்குக் கண் சிமிட்டுகிற ஒரு பொம்மையும் வாங்கினேன். கடைக்காரன் என்னைத் தெரிந்தவன். "சபர்லேர்ந்து வந்து இத்தன நாள் கழிச்சுப் பெட்டி கட்டுறது நீங்க ஒருத்தர்தான் காக்கா" என்று கேலி செய்தான். பதிலுக்குச் சிரித்துவிட்டு வந்தேன்.

விடுதலையான அன்று மதுரைக்கு நான்தான் போனேன். துணிப்பை ஒன்றோடு வெளியே வந்தார். மெலிந்த ஆள், தாடி நரைத்திருந்தது. சலாம் சொன்னார். வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார், மூச்சை இழுத்து விடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் சாலையைக் கடக்கப் பயந்துகொண்டு நின்றார். வண்டிகள் அப்படிப் பறந்தன. கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தேன்.

ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, பெட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி மனுப் போட்டுப் பார்க்க வந்தபோதே அதைச் சொல்லியிருந்தாள். ஆகவே துபாய்க்காரனாக அவரைத் தயார் செய்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாராவது ஏதாவது கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாதே.

"காலையில எந்திரிச்சதும் வரிசையில நிப்போம். தலையை எண்ணித்தான் வண்டியில ஏத்துவாக" என்று ஆரம்பித்தேன்.

"எங்களையும் எண்ணுவாக" என்றார்.

"ஒரே ரூம்ல நெறையப் பேரு. கட்டிலுக்கு மேல கட்டில். ஒருத்தன் கொறட்டை விட்டா அத்தன பேருக்கும் தூக்கம் போகும்."

"அது அங்கனயும் உண்டு."

"வாரத்துல ஒருநாள் கறி. அன்னைக்குத்தான் எல்லாரும் சிரிச்ச முகமா இருப்பாக."

அவர் மெதுவாகச் சிரித்தார். நான் விடவில்லை. ஊரில் மௌத்து விழுந்தால் போக முடியாது, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அழுவோம் என்றேன். அவர் உம்மா இறந்தபோது தானும் அப்படித்தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். பெருநாள் அன்று எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிடுவோம் என்றேன். அதற்கு அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பரமக்குடி வருவதற்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் சொன்ன துபாய் எல்லாமே அவரிடம் ஏற்கெனவே இருந்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது. "ஆனா தம்பி, நாங்க நெனச்சாத் திரும்பி வந்துரலாம்" என்றேன். சொன்ன பிறகுதான், என் பாஸ்போர்ட்டைக் கம்பெனி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்த வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை.

சத்திரக்குடி தாண்டியதும் அவராகவே பேசினார். "துபாய்க் கடல் எப்புடி இருக்கும் வாப்பான்னு ஒரு தடவ கேட்டா காக்கா. நீலமா இருக்கும்மான்னேன். நம்ம கடலும் நீலந்தானே, அப்பறம் எதுக்கு அம்புட்டுத் தூரம் போனீகன்னா. எனக்குப் பதில் வரல. நேரம் முடிஞ்சிருச்சுன்னு ஃபோன வச்சுட்டேன். நேரம் இன்னும் இருந்துச்சு."

ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதலில் என் வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். ஏர்போர்ட்டிலிருந்து வருகிறவன் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போக முடியாது அல்லவா. தெரிந்த பையனின் காரை அஸர் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தேன். என் மனைவி மீன் ஆணமும் சோறும் ஆக்கி வைத்திருந்தாள். அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவக் கிளம்பினார். அவள் பிடுங்கி வைத்துவிட்டாள். குளித்துவிட்டு வந்து நான் வாங்கி வைத்த புதுக் கைலியையும் சட்டையையும் போட்டுக்கொண்டார். பெட்டி இருந்த அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் தனியாக இருந்தார். துஆ ஓதிப் பிரார்த்திக்கிறார் போலிருக்கிறது என்று நானும் தொந்தரவு செய்யவில்லை.

உள்ளே போன என் மனைவிதான் கூப்பிட்டாள். கட்டிலின் மேல் போர்வை, தைலம், பால் பவுடர், பொம்மை எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது. பெட்டியைக் கயிற்றால் கட்டி முடித்து அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். துணிப்பை காலியாகக் கிடந்தது.

"என்ன தம்பி இது?"

"உள்ள சோப்புச் செய்யுற எடத்துலதான் எனக்கு வேலை காக்கா. வெளிய வரையில என் கூலியில இத வாங்கிக்கிட்டு வந்தேன். நாலஞ்சு துண்டும் இருக்கு, அது நெசவுக் கூடத்துல நெய்ஞ்சது. உங்க சாமான் உங்களுதாவே இருக்கட்டும். நான் கொண்டுவந்தது இதுதான்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அறிவு இருக்கா? ஒங்க மச்சான் வாசலத் தாண்ட விடுவாரா? எத்தன நாளா அந்தப் பொண்ணு இந்த ஒரு நாளுக்காக உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கு. அதுகிட்டச் சொன்னீகளா?"

"சொன்னா அழுவா. வேணாம்னு சொல்லுவா." அவர் நிமிர்ந்து பார்த்தார். "புள்ளைக்கு மொதமொதல்ல என் கையால கொடுக்கப் போறேன் காக்கா. அதுவும் பொய்யா இருந்தா, அப்பறம் நான் எதக் கொடுத்தாலும் எனக்கே நம்பிக்கை இருக்காது."

"வெளிய போகச் சொல்லிட்டா?"

"போயிருவேன். வாலிநோக்கத்துல ஒரு மூலையில கெடந்துக்கிருவேன். ஆனா எங்கன இருக்கேன்னு புள்ளைக்குத் தெரியும். இதுவரைக்கும் அதுகூட அவளுக்குத் தெரியாதுல்ல."

வக்கீலம்மா சொன்னதை இந்த ஆள் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று கடுப்பாக இருந்தது. இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதற்குள் என் மனைவி கையை நீட்டி, "எனக்கு ஒண்ணு கொடுங்க தம்பி" என்றாள். அவர் கயிற்றைத் தளர்த்திப் பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு சோப்பை எடுத்துக் கொடுத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு, வேப்பெண்ணெய் வாசம் நன்றாக இருக்கிறது என்றாள். நான் அவளுக்குக் கொண்டுவந்த எத்தனையோ சீமைச் சோப்புகளில் ஒன்றைக்கூட அவள் இப்படி நின்று முகர்ந்ததில்லை. கார் வந்து ஹாரன் அடித்தது.

மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் மச்சான் நின்றிருந்தார்; பாத்திரக் கடைக்காரர் அன்று வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தார். கட்டிப்பிடித்து சலாம் சொல்லி அழைத்துப்போனார். கூடத்தில் உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். உண்மை தெரிந்த இரண்டு மூன்று பேர் கண்ணில் மட்டும் ஒரு நமுட்டுப் பார்வை இருந்தது. மையத்துக்கு வந்திருந்த அந்தப் பெண் உள்வாசலில் நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பட்டுப் பாவாடையில் அந்தப் பிள்ளை. "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா" என்று சொல்லிக் கொடுத்தபடி சொன்னது. அவர் பதில் சலாம் சொன்னார். பிள்ளை அவர் வாயையே பார்த்தது. ஃபோனில் கேட்ட குரல்தானா என்று சரிபார்க்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

"வாப்பா, இன்னொரு தடவ பேசுங்க" என்றது.

"என்னம்மா பேச?" என்றார் அவர்.

பிள்ளையின் முகம் விரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இது சுருங்கப் போகிறது. அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. எப்படியாவது பெட்டியைத் திறக்கவிடாமல் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

டீயும் வட்டலப்பமும் வந்தன. மச்சான் பெட்டியைக் கூடத்தின் நடுவில் இழுத்து வைத்து, கயிறு அறுக்கக் கத்தியை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை. விரலாலேயே முடிச்சை அவிழ்த்தார். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். வழக்கப்படி வீட்டுக்குப் பெரியவருக்கு முதலில். அவர் ஒரு சோப்பை எடுத்து இரண்டு கையாலும் மச்சானிடம் நீட்டினார்.

"மச்சான், இது துபாய்ச் சோப்பு இல்ல. நான் துபாய்க்குப் போகல. மதுரை ஜெயில்ல இருந்தேன். அங்கன என் கையால செஞ்சது இது."

குரல் நடுங்கவில்லை. ஏற்கெனவே பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போல. கூடத்தில் டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது. மச்சானின் முகம் இருண்டது. அவர் கையை நீட்டவில்லை. சோப்பு அப்படியே நடுவில் நின்றது. உள்வாசலில் அந்தப் பெண் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மெதுவாக எழுந்து செருப்பைத் தேடினார். நானாவது அந்தச் சோப்பை வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அது எனக்கு நீட்டியது இல்லை.

பிள்ளை பெட்டிக்குப் பக்கத்தில் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. அதன் கண் பொம்மையைத் தேடுகிறது என்றுதான் நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. அது நிமிர்ந்து தன் உம்மாவைப் பார்த்துக் கேட்டது.

"உம்மா, மதுரைங்கறது நாம பெருநாளைக்குத் துணி எடுக்கப் போவமே, அந்த மதுரையா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"போன பெருநாளைக்குப் போனமே, அப்பவும் வாப்பா அங்கனதான் இருந்தாகளா?"

கூடத்தில் இருந்தவர்கள் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பஸ்ல போனா ஒரே ஓட்டம்தானே. மாமா கார்ல அதவிடச் சீக்கிரம் போயிட்டமே. ஜிகர்தண்டாகூடக் குடிச்சமே." அதன் உதடு கோணியது. "அம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டா என்னையப் பாக்கல?"

அதுவரை அந்த வீட்டில் எல்லோரும் ஜெயில் என்ற சொல்லுக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். பிள்ளைக்கு அந்தச் சொல் ஒரு பொருட்டே இல்லை. வாப்பாவைக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே, அதுதான் அதற்கு ஆறவில்லை. நான் வாங்கி, என் வீட்டுக் கட்டிலில் கிடக்கிற பொம்மையை நினைத்து வெட்கமாக இருந்தது.

மச்சான் மெல்லப் பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கட்டியிருந்த கைலி எதையும் பார்க்கவில்லை. நீட்டிய கையிலிருந்து சோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வாப்பா மேல கோவப்படாதம்மா" என்றார் பிள்ளையிடம். "அந்த ரோட்டு வழியாத்தான் கார் ஓட்டிட்டுப் போனேன். ஜெயிலு செவரு தெரிஞ்சுச்சு. மாமாதான் ஒன்னையக் கூட்டிட்டுப் போகல." பிறகு தங்கையின் கணவரைப் பார்த்து, "இங்கனயே இருங்க மாப்ள. இது உங்க வீடுதான்" என்று சொல்ல முயன்றார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. செருப்பைத் தேடிப் போனவர் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளை யாரையும் கவனிக்கவில்லை. பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வாப்பாவையே பார்த்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. அவர் தூக்கி அணைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவருக்கு அதற்கு உரிமை இருக்கிறதா என்றே தெரியவில்லை போலிருக்கிறது. வெறும் கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒன்னையப் பாக்கணும்னு எனக்குத் தெனமும் இருந்துச்சும்மா."

"எனக்குந்தான் இருந்துச்சு" என்றது பிள்ளை, கோபமாக.